நாதசுரத்துக்கு மேடை தேடித் தந்தவர்

சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம் என்றால் கூட்டம் அலைமோதும். நடராசப் பெருமான் புறப்படும்போது நாதசுரத்தில் மல்லாரி முழங்கும். அதைக் கேட்டதும் பக்தர்கள் கை கூப்புவார்கள்.

நாதசுரத்துக்குக் கிடைத்த இந்த மரியாதை, அதை ஊதியவருக்கு ஒரு காலத்தில் கிடைக்கவில்லை!

பாட்டு வித்துவானுக்கு மேடை உண்டு. நாதசுரக்காரரோ நின்றபடி வாசிக்க வேண்டும். ஊர்வலத்தில் நடந்தபடி வாசிக்க வேண்டும். பெரியவர்கள் முன்னே சட்டை போடக்கூடாது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த வழக்கத்தை எதிர்த்து நின்றவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை.

மாமன் வளர்த்த பிள்ளை

அவர் பிறந்தது 1898-ம் ஆண்டு, திருமருகலில். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்மாமன் நடேச பிள்ளை அவரை வளர்த்தார். மாமனும் பெயர் பெற்ற நாதசுர வித்துவான்.

சிறுவன் முதலில் கற்றது நாதசுரம் அல்ல, வாய்ப்பாட்டு! அதன் பிறகே குழலைக் கையில் எடுத்தார். அதனால்தான் அவருடைய நாதசுரம், மனிதர் வாய்விட்டுப் பாடுவது போலவே இருந்தது. பின்னர் திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான் ஆனார்.

குழல் நீண்டது

அக்காலத்து நாதசுரம் "திமிரி" எனப்படும். குட்டையான குழல், கீச்சென்ற சத்தம். சுத்த மத்திமம் என்ற சுரத்தை அதில் சரியாகப் பிடிப்பது கடினம். தோடி ராகத்துக்கோ அந்தச் சுரம் வேண்டும்.

நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி, அந்தச் சுரம் சுத்தமாகப் பேசும் நீண்ட குழலைச் செய்து கொடுத்தார். அது "பாரி" நாதசுரம். அதன் நாதம் கனமானது, இனிமையானது. இன்று மேடைகளில் ஒலிப்பது அந்தக் குழலே.

அதில் ராஜரத்தினம் தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் ஓடும்! கேட்பவர்கள் அசையமாட்டார்கள். அவருடைய தோடி இசைத்தட்டாக வந்து ஊர் ஊராகப் பரவியது.

உட்கார்ந்து வாசித்தார்

பெயர் வளர்ந்ததும் அவர் பணிந்து போகவில்லை. தலையில் கிராப்பு வைத்தார், கோட்டு அணிந்தார். மேடையில் அமர்ந்து வாசித்தார். ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே இருக்கும் ஒத்துக்குப் பதிலாகத் தம்பூரா வைத்துக்கொண்டார்.

செருக்குப் பிடித்தவர் என்று சிலர் ஏசினார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. தம் ஒருவருக்காக அல்ல, தம் தொழிலுக்காகவும் கேட்ட மரியாதை அது.

1940-ல் "கவி காளமேகம்" படத்தில் கதாநாயகனாக நடித்தார். 1947-ல் நாடு விடுதலை பெற்றபோது டெல்லியில் அவருடைய நாதசுரம் ஒலித்தது. 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. மறு ஆண்டு, 1956 டிசம்பர் 12-ல், சென்னையில் காலமானார். கை நிறையச் சம்பாதித்தவர். ஆனால் சேர்த்து வைக்கத் தெரியாதவர்.

சேர்த்து வைத்த சொத்து

அவர் விட்டுப்போன சொத்து வேறு. பாடகர் ஜி.என்.பாலசுப்பிரமணியம், அந்த நாதசுரத்தின் பிருகாக்களைத் தம் குரலில் கொண்டு வந்தார்.

ஆந்திர நாட்டில் கரவதி என்ற ஊரில் பிறந்த ஷேக் சின்ன மௌலானாவின் காணிக்கை அதைவிடப் பெரியது. ராஜரத்தினத்தின் வாசிப்பில் மனதைப் பறிகொடுத்தார். அந்தத் தஞ்சாவூர் பாணியைக் கற்பதற்காக நாச்சியார்கோவில் வித்துவான்களிடம் மாணவராகச் சேர்ந்தார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார். மதத்தால் முஸ்லிம், வாசித்ததோ அரங்கநாதர் சந்நிதியில்!

1998-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் "சங்கீத கலாநிதி" பட்டம் அளித்தது. நின்றபடி வாசித்தவர்களின் வாரிசு ஒருவர், வித்துவான்கள் சபைக்குத் தலைமை தாங்கி அமர்ந்தார்.