தூதராக வந்தார்; ஆட்சியை ஏற்றார்!

புதுச்சேரி நகருக்கு வடக்கே இருக்கிறது கருவடிக்குப்பம். அங்கே உள்ள மாந்தோப்பு பாரதியாருக்குப் பிடித்த இடம். 1908-ல் வெள்ளைக்காரப் போலீசாரிடம் சிக்காமல் அவர் புதுச்சேரிக்கு வந்தார். போலீசாரின் ஒற்றர்கள் பின்னாலேயே வந்தார்கள். வேவு பார்த்தார்கள். ஆனால் கைது செய்ய முடியவில்லை. காரணம், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் சீமை. அது வேறு நாடு!

1947-ல் இந்தியா சுதந்திரம் அடைந்தது. அப்போதும் அந்த மாந்தோப்பு வேறு நாடாகவே இருந்தது. கருவடிக்குப்பத்தில் பேசியது தமிழ். எல்லைக்கு அப்பால், தென்னார்க்காட்டில் பேசியதும் தமிழ். பெண் கொடுத்தவர் இங்கே, பெண் எடுத்தவர் அங்கே. நடுவில் சுங்கச்சாவடி! 1949-ல் இரு நாடுகளின் சுங்க உடன்பாடு முடிந்துபோனது. அதன்பின் கெடுபிடி இன்னும் அதிகமாயிற்று.

வேறு நாடு என்றால் அங்கே நம் பிரதிநிதி ஒருவர் வேண்டும் அல்லவா? ஒரு நாட்டின் தலைநகரில் இருப்பவர் தூதர். மற்ற ஊர்களில் இருந்து நம் காரியங்களைக் கவனிப்பவர் கான்சல். பாரிஸ் நகரில் இந்தியத் தூதர் இருந்தார். புதுச்சேரியில் இந்தியக் கான்சல் ஜெனரல் இருந்தார். 1953-ல் அந்தப் பதவிக்கு வந்தவர்தான் கேவல்சிங்.

மூடிய கதவு

அவர் பஞ்சாபியர். 1915-ல் லயால்பூர் மாவட்டத்தில் பிறந்தவர். லாகூரிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்து ஐ.சி.எஸ். ஆனார். துருக்கி, ஜெர்மனி என்று சுற்றிவிட்டு, போர்ச்சுகல் தலைநகரான லிஸ்பனில் இந்தியாவின் பிரதிநிதி ஆனார்.

அங்கேதான் கசப்பான பாடம். கோவாவை விட்டுக்கொடுப்பது பற்றிப் பேச வரும்படி இந்தியா அழைத்தது. போர்ச்சுகல் பேசவே மறுத்தது. பேச ஆள் இல்லாத இடத்தில் தூதருக்கு என்ன வேலை? 1953 ஜூனில் இந்தியா அந்தத் தூதரகத்தையே மூடிவிட்டது.

கேவல்சிங் அடுத்து வந்த ஊர் புதுச்சேரி. இங்கே கதவு மூடவில்லை. பாதி திறந்து கிடந்தது.

கத்திமேல் நடை

கான்சல் என்பவர் விருந்தாளி. பிரெஞ்சுக்காரர் ஆளும் ஊரில் இருந்துகொண்டு, அந்த ஆட்சியை எதிர்க்கும் கூட்டத்தில் கொடி பிடித்து நடக்க முடியாது. விடுதலை கேட்டு வருகிறவர்களை விரட்டவும் முடியாது. கத்திமேல் நடக்கிற வேலை!

1954 மார்ச்சில் நிலைமை கொதித்தது. பிரெஞ்சுக்காரருக்கு வேண்டியவராக இருந்த எதுவார் குபேரே இந்தியாவோடு சேர வேண்டும் என்று கிளம்பி, நெட்டப்பாக்கத்தைப் பிடித்தார். ஏனாமும் மாகியும் அடுத்தடுத்து விடுபட்டன. இந்தோசீனாவில் தோற்றுப்போன பிரான்சுக்கும் சண்டையில் மனம் இல்லை. கேவல்சிங்குக்குக் காலம் கைகொடுத்தது என்று சொல்வதே நியாயம்.

அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் வாக்களித்தார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். மூன்றே நாளில் டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

1954 நவம்பர் 1-ந் தேதி. பிரெஞ்சுப் பிரதிநிதி பியேர் லாந்தி ஆட்சியை ஒப்படைத்தார். ஏற்றுக்கொண்டவர் கேவல்சிங்! நேற்றுவரை வேற்று நாட்டு விருந்தாளி. இன்று சீப் கமிஷனர்.

மகிழ்ச்சியோடு பயமும் இருந்தது. பிரெஞ்சு சர்க்காரில் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளம் வருமா? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர்களுக்குப் பென்ஷன் என்ன ஆகும்? பிரெஞ்சு படித்த பிள்ளை எங்கே போவான்? பழைய ஊழியர்களை வைத்துக்கொள்வதும், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சை ஆட்சிமொழியாக வைத்திருப்பதும் ஒப்பந்தத்திலேயே இருந்தன. காகிதத்தில் இருந்ததை நடைமுறையில் காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. கொடி மாறியதைவிடக் கடினமான வேலை இதுதான்.

1955-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1956-ல் அவர் புதுச்சேரியை விட்டுப் போனார். சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல்தான் முடிந்தது. விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. சில ஆயிரம் பேர் அப்படியே செய்தார்கள்.

பிறகு கேவல்சிங் பல நாடுகளில் தூதராக இருந்தார். 1965-ல் பாகிஸ்தானுக்குப் போன கொஞ்ச நாளிலேயே போர் மூண்டது. 1972 முதல் 1976 வரை வெளியுறவுச் செயலாளர். கடைசியாக அமெரிக்காவில் தூதர்.

கோவா என்ன ஆயிற்று? 1961 டிசம்பரில் இந்தியப் பட்டாளம் போய் மீட்டது. இந்தியாவுக்குச் சொந்தம் என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது 1974 டிசம்பர் 31-ல். அன்று டில்லியில் வெளியுறவுச் செயலாளர் நாற்காலியில் இருந்தவர், லிஸ்பனிலிருந்து திரும்பி வந்த அதே கேவல்சிங். அவர் 1991-ல் காலமானார்.