சுபேதார் சுப்பிரமணியன்

முகில் தவழும் கொல்லிமலையைச் சங்க காலத்தில் ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன், வேட்டையின்போது விடுத்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகிய நான்கையும் கொன்று, புற்றிலிருந்த உடும்பின் உடலில் சென்று தைத்தது என்று வன்பரணர் என்னும் புலவர் பாடியுள்ளார். அம்பு பறந்தது கண்ணிமைப்பொழுது. அதற்கு முன் ஓரி வில்லேந்திப் பயின்ற நாட்கள் எத்தனையோ! தோளையும் கண்ணையும் மூச்சையும் ஒருவழிப்படுத்த அவன் பட்ட பாட்டைப் பாட்டு கூறவில்லை. வீரர் வரலாறுகளில் பெரும்பாலும் இவ்வாறே நேர்கின்றது. செயல் மட்டும் நிற்கிறது, பயிற்சி மறைந்துவிடுகிறது.

ஓரியின் மலைக்கு வடகிழக்கே, தொண்டை நாட்டில், மற்றொரு வீரர் தோன்றினார். அவர் ஏந்தியது வில் அன்று. அவர் எதிர்த்ததும் கண்ணுக்குத் தெரியும் பகை அன்று. மண்ணுக்குள் ஒளிந்து கிடந்த கண்ணிவெடிகளே அவருடைய களம். அவர் புகழ் சில வினாடிகளில் பிறந்தது. அச்சில வினாடிகளுக்கு அவரை ஆயத்தம் செய்த பயிற்சி நெடியது.

காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கம் சுப்பிரமணியனின் ஊர். அக்காலத்தில் அது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஏரிப் பாசனத்தால் நெல் விளையும் நிலப்பகுதி அது. மண்வெட்டி பிடித்த கைகளுக்கு மண்ணின் இயல்பு தெரியும். எங்கே இறுகியது, எங்கே புதிதாய்க் கிளறப்பட்டது என்பதை அவை தடவியே அறியும். இவ்வறிவு சாப்பர் படைக்குப் பெரிதும் வேண்டப்படுவது.

சுப்பிரமணியன் சேர்ந்த படை, விக்டோரியா அரசியின் பெயர் தாங்கிய சென்னைச் சாப்பர் படை. 1780ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டையில் பயனியர் படையாகத் தொடங்கிய அது, பின்னர்ப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. இன்று சென்னைப் பொறியாளர் படை என வழங்குகின்றது. தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் ஆகிய தென்னாட்டார் அதில் ஒருங்கே பணிபுரிந்தனர். அப்படைவீரரைத் தம்பி என்று அழைக்கும் வழக்கமும் வேரூன்றியது. முள்வேலியைத் தகர்க்க நீண்ட குழாயில் வெடிமருந்தை அடைத்துச் செலுத்தும் கருவியை 1912ஆம் ஆண்டில் அமைத்தவர், அப்படையைச் சேர்ந்த மக்ளின்டாக் என்னும் ஆங்கில அதிகாரியே. பெங்களூர் டார்ப்பிடோ என்ற பெயருடன் அது உலகின் பல படைகளுக்கும் பரவியது.

சாப்பர் என்பவன் பாதி போர்வீரன், பாதி தொழிலாளி. மற்றக் காலாட்படையினரைப் போலவே அவனும் அணிவகுத்து நடக்கவும், சுமை தூக்கி நெடுவழி செல்லவும், துப்பாக்கி சுடவும் கற்க வேண்டும். அதன்மேல் பாலம் கட்டுதல், பாதை அமைத்தல், அகழி தோண்டுதல், தச்சு, கொல்லு, வெடிவைத்துத் தகர்த்தல் ஆகியவற்றையும் பயில வேண்டும். எனவே சாப்பரின் உடல், வெறும் வலிமை பெற்றால் போதாது. வலிமையை அடக்கவும் அறிய வேண்டும். பாறையைப் பிளக்கும் கை, அடுத்த நாழிகையில் தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியை அசையாமல் தொட வேண்டும்.

கண்ணிவெடி அகற்றும் முறையைச் சற்று அறிந்தால் இதன் அருமை விளங்கும். வீரன் தரையில் முழங்காலூன்றியோ, குப்புறப் படுத்தோ மெல்ல முன்னேறுவான். துப்பாக்கி முனையில் செருகும் கத்தியை மண்ணில் சாய்வாகச் செலுத்துவான். நேராகக் குத்தினால் வெடியின் தலையையே அழுத்த நேரிடும். கத்தி முனை கடினமான எதையேனும் தட்டினால் உடனே நிற்பான். விரல்களால் மண்ணைச் சிறிது சிறிதாக விலக்குவான். இணைப்புக் கம்பி உண்டா என்று தடவிப் பார்ப்பான். வெடி கண்ணில் பட்டதும் அதைத் தூக்கிவிடல் ஆகாது. தூக்கினாலே வெடிக்கும்படி அதனடியில் மற்றொரு பொறியைப் பகைவர் வைத்திருக்கலாம். ஆதலின், கயிறு கட்டித் தொலைவில் மறைந்திருந்து இழுப்பதும் உண்டு. தூய்மை செய்த வழியின் இருமருங்கும் வெள்ளை நாடா விரிக்கப்படும். அந்நாடாவை நம்பியே பின்வருவோர் கால் வைப்பர். ஓர் அங்குலம் விட்டுப்போனாலும் அதன் விலை மற்றொருவனுடைய உயிர்.

ஒரே நிலையில் நெடுநேரம் கிடத்தல், குளிரில் விரைத்த விரலாலும் நுட்பமாய் உணர்தல், இருளில் தொட்டே அறிதல் ஆகிய இவை உடற்பயிற்சி. இதனினும் அரியது உள்ளப் பயிற்சி. தொடக்கத்தில் அச்சம் தடுக்கும். பின்னர் விரைந்து முடிக்கும் ஆசை எழும். இவ்விரண்டையும் வென்றவனுக்கும் மூன்றாவது பகை ஒன்று காத்திருக்கிறது, அதுவே பழக்கம். நூறு வெடிகளை எடுத்த கை, நூற்றொன்றாவதை எளிதாய் நினைத்துவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் முதல் வெடியாகவே கருதும் மனத்தைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. களைப்புற்றவன் வீம்பு பாராது ஒதுங்கி, அடுத்தவனுக்கு இடம் விடவும் கற்றான். கண்டறியும் கருவியை ஏந்தியவன் செவியில் மாட்டிய குழாயில் எழும் ஒலியைத் தவிர வேறொன்றையும் கேளாதிருக்கப் பழகினான். அருகில் பீரங்கி முழங்கினும் அவன் கவனம் அவ்வொலியிலேயே நிற்க வேண்டும்.

அக்கருவி போலந்து நாட்டுப் பொறியாளர் யோசப் கொசாட்ஸ்கி அமைத்தது. மண்ணுள் உலோகம் இருந்தால் ஒலிமாற்றத்தால் காட்டும் அது, 14 கிலோவிற்குச் சற்றுக் குறைந்த எடையுடையது. 1942ஆம் ஆண்டில் எகிப்தின் எல் அலமீன் போர்க்களத்தில் ஜெர்மானியரும் இத்தாலியரும் ஏறத்தாழ 5 இலட்சம் வெடிகளைப் புதைத்திருந்தபோது, ஒரு மணி நேரத்தில் 100 சதுர மீட்டர் தூய்மை செய்தவர்கள் இக்கருவியால் 200 சதுர மீட்டர் தூய்மை செய்தனர். ஆயினும் ஜெர்மானியர் மரப்பெட்டியில் வெடி வைக்கத் தொடங்கியதும் கருவியின் செவி மந்தமாயிற்று. கத்தியும் விரலுமே மீண்டும் துணையாயின.

சுப்பிரமணியன் இப்பணியில் உயர்ந்து சுபேதார் ஆனார். ஆங்கில அதிகாரிகளுக்கும் படைவீரருக்கும் இடையே நின்று, ஆணையைத் தம் மக்கள் மொழியில் எடுத்துரைத்து, அவர்கள் நலத்தையும் காக்கும் பொறுப்பு சுபேதாருடையது. அவர் 11ஆம் பீல்டு பார்க் கம்பெனியில் பணிபுரிந்தார். அது 4ஆம் இந்தியப் பிரிவைச் சார்ந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் புகழ் பெற்ற அப்பிரிவு, 1943ஆம் ஆண்டின் இறுதியில் இத்தாலிக்கு அனுப்பப்பட்டது.

மணற்பரப்பில் போரிட்டுப் பழகிய படைக்கு இத்தாலியின் மாரிக்காலம் புதிது. மழையும் பனியும் சேறும் மலைச்சரிவுமாக நாடே தடையாய் நின்றது. நேப்பிள்சிலிருந்து உரோமுக்குச் செல்லும் பெருவழியைக் காசினோ மலைமேலிருந்து ஜெர்மானியர் காத்தனர். 1944 பிப்ரவரி 15ஆம் நாள் அம்மலை மடம் குண்டுவீச்சால் இடிந்தது. அடுத்த நாட்களில் 4ஆம் இந்தியப் பிரிவு அம்மலையைத் தாக்கிப் பெரும் இழப்புக்குள்ளாகியது. காசினோவுக்குத் தென்கிழக்கே அப்பெருவழியில் உள்ள சிற்றூர் மிஞானோ. ஜெர்மானியர் அங்கிருந்து பின்வாங்கிவிட்டனர். அவர்கள் புதைத்த வெடிகளோ பின்வாங்கவில்லை.

அவ்வெடிகளுள் சாப்பர்கள் மிகுதியும் வெறுத்தது எஸ்-மைன் எனப்படுவது. மிதித்தவுடன் அது வெடிக்காது. உள்ளே சிறு பொறி பற்றும். ஏறத்தாழ நான்கு வினாடி கழியும். பின்னர் அது மண்ணிலிருந்து இடுப்பளவு உயரத்திற்குத் துள்ளியெழுந்து, ஏறத்தாழ 350 எஃகுக் குண்டுகளை எத்திசையிலும் சிதறும். மிதித்தவன் ஒருவனை மட்டுமன்றிச் சூழ நிற்போர் அனைவரையும் கொல்வதே அதன் நோக்கம். அந்தச் சிறு ஒலி கேட்டதும் தரையோடு தரையாய் விழுந்துவிட வேண்டும் என்பதே வீரர் பெற்ற அறிவுரை. விழுந்தவன் தலைக்கு மேலாகக் குண்டுகள் பறந்து போகக்கூடும்; அவன் தப்பவும் கூடும்.

1944 பிப்ரவரி 24ஆம் நாள் மிஞானோவில் சுப்பிரமணியனின் குழு வெடி அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தது. குழுவினருள் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். அடுத்து நிகழப்போவது யாது, எத்துணை நேரம் உள்ளது என்பதைச் சுபேதார் அறிந்திருந்தார். அவ்வறிவைக் கொண்டு தம்மைக் காத்துக்கொள்ள அவருக்கு வழியும் இருந்தது. அருகில் நின்றவர்களுக்கு அவ்வளவு விரைவில் வழி சொல்ல நேரமில்லை. அவர் விலகி விழவில்லை. வெடியின்மேல் பாய்ந்து தம் உடலால் அதை மூடினார். வெடியின் ஆற்றல் முழுவதும் அவருடலில் அடங்கியது. சுபேதார் உயிர் நீத்தார். உடனிருந்தோர் பிழைத்தனர்.

இதனை ஒரு வெறியின் செயல் என்று கருதுவது தவறு. வெறி கொண்டவன் நான்கு வினாடியைக் கணக்கிடுவதில்லை. வெடி எவ்வாறு எழும், எப்படிச் சிதறும், எதனால் தடுக்கப்படும் என்பவற்றை நன்கு கற்ற ஒருவரே, அக்கல்வியைத் தமக்கு எதிராகவும் பிறர்க்கு அரணாகவும் அத்துணை விரைவில் பயன்படுத்த இயலும்.

பகைவரை நேரில் எதிர்கொள்ளாத இடத்திலும் செய்யப்படும் பெருவீரச் செயல்களுக்கென, 1940ஆம் ஆண்டில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஜார்ஜ் சிலுவை என்னும் விருதை ஏற்படுத்தியிருந்தார். விக்டோரியா சிலுவைக்கு அடுத்து வைத்து எண்ணப்படுவது அது. அவ்விருது சுபேதார் சுப்பிரமணியனுக்கு அவர் மறைவுக்குப்பின் 1944ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது.

அவர் இறந்து மூன்று திங்கள் ஆகுமுன், மே 18ஆம் நாள், காசினோ மலை மடம் வீழ்ந்தது. அதன் இடிபாடுகளுள் முதலில் நுழைந்தவர்கள் போலந்து நாட்டு வீரர்கள். கண்ணிவெடியைக் கேட்டறியும் கருவியைச் சாப்பர்களுக்கு அளித்த பொறியாளரின் நாட்டினர். பெருவழி திறந்தது. சூன் 4ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் உரோம் நகருள் புகுந்தன. மிஞானோ வழியாகச் சென்ற வண்டிகள், சாப்பர்கள் விரித்த வெள்ளை நாடாக்களின் இடையே ஓடின.