முத்துக்கடலுக்கு வந்த ஆசிரியர்

ஹந்தானை மலையடியில் வாழும் எமக்குக் கடல் தூரத்து உறவு. கல்விச் சுற்றுலாவில் ஒருநாள் காண்கிறோம். மற்றப்படி பாடநூல் படமும், ஆய்வுகூட அலுமாரியில் போத்தலுக்குள் நிறம் மங்கிக் கிடக்கும் நட்சத்திர மீனும்தான் எமது கடல். கடலைப் படிக்க வேண்டுமானால் மாணவர் கடற்கரைக்கே போக வேண்டும் என்று நம்பிய பேராசிரியர் ஒருவர், நூறு வருடங்களுக்கு முன்னர் எமது மன்னார்க் கடலுக்கும் வந்தார். அவர்தான் சேர் வில்லியம் ஹேர்ட்மன்.

1858ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்த ஹேர்ட்மன், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் வைவில் தொம்சன் என்ற பேராசிரியரிடம் கற்றார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த சலஞ்சர் கப்பலின் விஞ்ஞானிகளுக்குத் தலைமை தாங்கியவர் தொம்சன். கப்பல் கொண்டுவந்த உயிரினங்கள் பல அறிஞர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. பாறைகளில் ஒட்டி வாழ்ந்து, தொட்டால் நீரைப் பீச்சும் பை போன்ற உயிரினங்களை விவரிக்கும் பொறுப்பு இளைஞரான ஹேர்ட்மனுக்குக் கிடைத்தது. ஆசிரியர் மாணவர்மீது வைத்த அந்த நம்பிக்கையை அவர் வாழ்நாள் முழுவதும் தன் மாணவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

1881இல், 23 வயதிலேயே அவர் லிவர்பூலில் பேராசிரியரானார். 1887இல் பஃபின் தீவிலும், 1892இல் மான் தீவின் போர்ட் எரின் என்ற ஊரிலும் கடல் ஆய்வு நிலையங்கள் அமைய வழிசெய்தார். விடுமுறைகளில் மாணவர்கள் போர்ட் எரினுக்குச் சென்றனர். கடல் வற்றும் வேளையில் பாறைகளிடையே உயிரினங்களைத் தேடியெடுத்து, அன்றே நுணுக்குக்காட்டியில் பார்த்தனர். ஒரு கடலுயிருக்கு ஒரு நூல் என மாணவருக்கான நூல்வரிசை ஒன்றையும் ஹேர்ட்மன் வெளியிட்டார். 1899இல் வந்த முதல் நூலை அவரே எழுதினார். அடுத்தடுத்த நூல்களை உடன் பணியாற்றியோர் எழுதினர்.

அக்காலத்தில் இலங்கை அரசுக்கு ஒரு கவலை இருந்தது. 1891க்குப் பின்னர் மன்னாரில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காரணம் கண்டறிய ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார். ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற உதவியாளருடன் 1902 ஜனவரியில் அவர் இங்கு வந்து சேர்ந்தார். லேடி ஹெவ்லொக் என்ற நீராவிக் கப்பலில் இருவரும் முத்துப் படுகைகளைச் சுற்றி ஆராய்ந்தனர். காலியில் ஓர் ஆய்வுகூடமும் அமைந்தது.

அப்படுகைகளைப் பரம்பரை பரம்பரையாக அறிந்தவர்கள் சுழியோடிகள். தமிழரும், முஸ்லிம்களும், அரபு நாட்டவரும் அவர்களுள் இருந்தனர். கடலடிப் படுகைக்கு அவர்கள் வழங்கிய 'பார்' என்ற தமிழ்ச் சொல்லையே ஹேர்ட்மன் தன் ஆங்கில அறிக்கையிலும் பயன்படுத்தினார். பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் பெருகினாலும், முதிர்வதற்கு முன்னரே நீரோட்டமும் மணலும் அவற்றை அழித்துவிடுவதை அவர் கண்டார். அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றுமாறு ஆலோசனை கூறினார்.

சில மாதங்களில் அவர் நாடு திரும்ப, ஹோர்னெல் இங்கு தங்கிப் பணியைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை லண்டன் ரோயல் சங்கம் அவர்களது அறிக்கையை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. பல அறிஞர்கள் அதில் எழுதினர். பூச்செடி போலக் கிளைவிட்டு வளரும் சிறு கடலுயிர்களைப் பற்றிய பகுதியை எழுதியவர் லோரா தோர்ன்லி என்ற பெண்மணி.

அந்த ஆய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 1903 முதல் சில வருடங்கள் முத்து நிறையக் கிடைத்தது. 1906இல் ஒரு கம்பனி பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. ஆனால் 1907க்குப் பின்னர் சிப்பிகள் மீண்டும் மறைந்தன. கடல் தன் இரகசியம் முழுவதையும் ஒருவருக்கே சொல்லிவிடுவதில்லை.

1916இல், முதலாம் உலகப் போரில் ஹேர்ட்மன் தன் மகன் ஜோர்ஜை இழந்தார். அந்தத் துயரிலும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. 1919இல் அவரும் மனைவி ஜேனும் வழங்கிய நிதியில், லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் சமுத்திரவியலுக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி உருவானது. முதலில் அதை வகித்த அவர், விரைவிலேயே தன்னுடன் நெடுங்காலம் பணியாற்றிய ஜேம்ஸ் ஜோன்ஸ்டனுக்கு இடம்விட்டார். லிவர்பூலில் அவருடன் பணியாற்றிய ஜோசப் பியர்சன் 1910இல் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளரானார். ஹோர்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்பிடித் துறைக்குத் தலைமை தாங்கினார். 1924இல் ஹேர்ட்மன் காலமானபோது, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர ஆட்கள் இருந்தார்கள்.

மாத்தறையில், ருஹுணு பல்கலைக்கழகத்தில் கடல்சார் விஞ்ஞானங்களுக்கு ஒரு பீடம் உண்டு. அங்கே படிக்க விரும்புவதாக நான் சொன்னபோது வாப்பா ஒன்றும் பேசவில்லை. மலைநாட்டுப் பெண்பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்று உம்மும்மா கேட்டார். ஹந்தானையில் பெய்யும் மழை மகாவலியில் சேர்ந்து கொட்டியாரக் குடாவில்தான் கடலாகிறது என்றேன். அன்றிரவு லோரா தோர்ன்லியின் கதையையும் சொன்னேன். வாப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் மறுநாள், மாத்தறைக்குப் போக எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்று கேட்டார்.