பகலில் பஞ்சாலை வேலை, நள்ளிரவு வரை பயிற்சி: ஜப்பான் பெண்கள் வாலிபால் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த டைமாட்சு யார்?

புதுச்சேரி உப்பளத்தில் சாயங்காலம் ஆகிவிட்டால் இந்திரா காந்தி விளையாட்டு மைதானம் களைகட்டிவிடும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், ஊர்க்காரர்கள் இன்னமும் ‘ரோடியர் மில்’ என்று சொல்லும் ஏ.எஃப்.டி. பஞ்சாலை 2020-லிருந்து மூடிக் கிடக்கிறது. ஒரு பக்கம் விளையாட்டு, இன்னொரு பக்கம் மில். இந்த இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்தால் என்ன நடக்கும்? ஜப்பானில் ஒரு முறை சேர்ந்தது. ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்த பெண்கள் ஒலிம்பிக் தங்கத்தையே தட்டி வந்தார்கள்.

அந்த அணியை உருவாக்கியவர் ஹிரோபுமி டைமாட்சு. ஜப்பானில் அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு, ‘அரக்கன்’ என்று அழைத்தவர்களும் உண்டு. அவர் இறந்து 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால், அவர் விட்டுப்போன கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. ஜெயிப்பதற்காக ஒரு பயிற்சியாளர் வீராங்கனைகளிடம் எவ்வளவு கேட்கலாம்?

இம்பாலில் தப்பித்தவர்

டைமாட்சு 1921-ல் ஜப்பானின் ககாவா மாகாணத்தில் பிறந்தார். குவான்செய் ககுயின் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே வாலிபால் வீரர். படிப்பு முடிந்ததும் 1941-ல் ‘நிச்சிபோ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெரிய நூற்பாலை நிறுவனத்தில் சேர்ந்தார். வேலையில் நிலைப்பதற்குள் ராணுவம் கூப்பிட்டுவிட்டது.

அவர் போன போர்முனைகளில் ஒன்று நமக்கும் தெரிந்ததுதான். 1944-ல் பர்மாவிலிருந்து இம்பாலை நோக்கி ஜப்பான் படை வந்ததே, அதே போர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும், அதில் மலாயாவிலிருந்து சேர்ந்த தமிழர்களும் அந்தப் படையோடு இருந்தார்கள். சாப்பாடு வந்து சேரவில்லை, மழை கொட்டியது, மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பரவின. குண்டுக்குத் தப்பியவர்களைப் பசி கொன்றது. ஜப்பான் தரப்பில் பல பத்தாயிரம் பேர் திரும்பவே இல்லை. ஒரு சிறு படைப்பிரிவின் தலைவராக இருந்த டைமாட்சு பிழைத்தார். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் போர்க் கைதி முகாமில் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

உடம்பு இனி முடியாது என்று சொல்லும் இடத்துக்கு அப்பாலும் மனிதனால் போக முடியும் என்ற நம்பிக்கை அவரிடம் கடைசி வரை இருந்தது. அது போர்முனையில் கிடைத்த பாடம் என்றே அவரைப் பற்றி எழுதிய பலரும் பார்க்கிறார்கள். அந்தப் பாடத்தை அவர் நடத்தியது சிப்பாய்களுக்கு அல்ல, மில்லில் வேலை பார்த்த இளம்பெண்களுக்கு.

மில்லுக்குள் ஒரு தேசிய அணி

போருக்குப் பிறகு டைமாட்சு பழைய நிறுவனத்துக்கே திரும்பினார். ஜப்பானின் பல நூற்பாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் விடுதியில் தங்கி வேலை பார்த்த காலம் அது. அவர்களுக்காக மில் நிர்வாகங்களே வாலிபால் அணிகளை வளர்த்தன. ஒரு பந்து, ஒரு வலை, கொஞ்சம் இடம் இருந்தால் போதும். செலவும் குறைவு, நிறுவனத்துக்கு விளம்பரமும் கிடைக்கும்.

1950-களின் நடுவில், ஒசாகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கைசுகா ஆலையில் நிச்சிபோ ஒரு வலுவான பெண்கள் அணியைக் கட்டியது. பயிற்சியாளர் டைமாட்சு. பகலில் அவரும் அதே ஆலையில் அலுவலகப் பொறுப்பு பார்த்தார். வீராங்கனைகளும் காலையில் வேலைக்குப் போக வேண்டும். வேலை முடிந்து சாயங்காலம் ஜிம்முக்கு வந்தால் நள்ளிரவு வரை பயிற்சி. சில நாள் அதையும் தாண்டும். மறுநாள் காலையில் திரும்பவும் வேலை. விடுமுறை என்று பெரிதாக எதுவும் கிடையாது. புத்தாண்டுக்குச் சில நாள், அவ்வளவுதான்.

அப்போது ஆசியாவில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடும் வாலிபால்தான் பிரபலம். உலகப் போட்டிகளிலோ ஆறு பேர். நாட்டுக்குள் எல்லோரையும் ஜெயித்த பிறகு டைமாட்சு ஆறு பேர் ஆட்டத்துக்கு மாறினார். மூன்று பேர் குறைந்தால் பின்னால் காலியிடம் அதிகமாகும். எதிரே நிற்கும் சோவியத் வீராங்கனைகள் உயரமும் பலமும் கொண்டவர்கள். அவர்கள் அடிக்கும் பந்தைத் தரையில் விழாமல் எப்படித் தடுப்பது?

தலையாட்டி பொம்மை மாதிரி ஒரு உத்தி

இதற்கு டைமாட்சு கண்டுபிடித்த பதில்தான் ‘உருண்டு எடுக்கும்’ உத்தி. ‘ஹைக்யூ’ அனிமே பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். தூரத்தில் விழும் பந்தைப் பாய்ந்து கையால் எடுக்க வேண்டும். விழுந்த வேகத்திலேயே தோள் வழியாக ஒரு சுற்று உருண்டு, அடுத்த பந்துக்குத் தயாராக எழுந்து நின்றுவிட வேண்டும். பாய்பவர் தரையில் கிடக்கும் அந்த இரண்டு விநாடி மிச்சம். வாலிபாலில் இரண்டு விநாடி என்பது ஒரு புள்ளி.

நம்மூர் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி, எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும் பொம்மை ஒன்று ஜப்பானிலும் உண்டு. அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்பது பிரபலமான கதை. பொம்மைக்கு அடியில் கனம் இருக்கிறது, தானாக எழும். மனித உடம்பு அப்படி இல்லை. மரத்தரையில் தினமும் நூற்றுக்கணக்கான முறை விழுந்தால்தான் பழகும். தோளும் இடுப்பும் முழங்கையும் கன்றிப்போகும். விழுந்து கிடப்பவர் எழுவதற்குள் டைமாட்சு அடுத்த பந்தை அடிப்பார். எழாவிட்டால் திட்டு.

இதோடு காற்றில் ஆடி ஆடி வந்து திடீரென்று சரியும் சர்வீஸையும் அந்த அணி பழகியது. எதிரணிக்குப் பந்து எங்கே விழும் என்றே கணிக்க முடியவில்லை.

முதலில் புயல், பிறகு சூனியக்காரி

1960-ல் பிரேசிலில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஜப்பானுக்கு வெள்ளி. தங்கம் சோவியத் யூனியனுக்கு. அதுவரை நடந்த மூன்று பெண்கள் உலக சாம்பியன்ஷிப்களும் சோவியத் வசம்தான். அடுத்த வருஷம் நிச்சிபோ அணி ஐரோப்பா போனது. 20-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள், வரிசையாக வெற்றி. முதலில் ‘கிழக்கின் புயல்’ என்று எழுதிய ஐரோப்பியப் பத்திரிகைகள், பிறகு ‘கிழக்கின் சூனியக்காரிகள்’ என்று மாற்றிக்கொண்டன. பாராட்டும் பயமும், கொஞ்சம் இளக்காரமும் கலந்த பட்டம் அது.

1962-ல் மாஸ்கோவில், சோவியத் ரசிகர்கள் முன்னாலேயே சோவியத் அணியைத் தோற்கடித்து ஜப்பான் உலக சாம்பியன் ஆனது. இடையில் உள்நாடு, வெளிநாடு என்று எல்லா ஆட்டங்களையும் சேர்த்து நிச்சிபோ ஆரம்பித்திருந்த வெற்றி வரிசை, டைமாட்சு விலகிய பிறகும் நீண்டு 258-ல்தான் நின்றது.

கல்யாணமா, ஒலிம்பிக்கா?

உலக சாம்பியன் ஆனதும் பயிற்சியாளர், வீராங்கனைகள் இருதரப்பும் இத்தோடு போதும் என்றுதான் நினைத்தன. கேப்டன் மசாயே கசாய்க்கு 29 வயது. அந்தக் கால ஜப்பானில் அந்த வயதில் கல்யாணம் ஆகாத பெண் என்றால் ஊரே கேள்வி கேட்கும். நம்ம வீடுகளில் கேட்காததா?

ஆனால், டோக்கியோவில் 1964-ல் ஒலிம்பிக் வருகிறது. வாலிபால் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்கிறது. ஒலிம்பிக் வரலாற்றில் பெண்களுக்கான முதல் குழு விளையாட்டும் அதுதான். தங்கம் கிட்டத்தட்ட உறுதி என்று நாடே எதிர்பார்த்தது. தொடர்ந்து ஆடச் சொல்லிக் கடிதங்கள் குவிந்தன. கடைசியில் கசாயும் மற்றவர்களும் தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். அதை அவர்களே எடுத்த முடிவு என்று சொல்லலாம். அவ்வளவு பேர் எதிர்பார்த்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்றும் கேட்கலாம். இரண்டுமே நியாயமான பார்வைதான்.

1964 அக்டோபர் 23

ஒலிம்பிக் அணியின் 12 பேரில் 10 பேர் நிச்சிபோவைச் சேர்ந்தவர்கள். போட்டியில் மொத்தம் ஆறு நாடுகள். எல்லோரும் எல்லோருடனும் ஆட வேண்டும். போலந்திடம் ஒரே ஒரு செட் மட்டும் இழந்த ஜப்பான், கடைசி ஆட்டத்தில் சோவியத் யூனியனைச் சந்தித்தது.

முதல் செட் 15-11. இரண்டாவது 15-8. மூன்றாவது செட்டில் ஜப்பானுக்கு இன்னும் ஒரு புள்ளிதான் பாக்கி. அப்போதைய விதிப்படி, சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். அதனால் அந்த ஒரு புள்ளி வரவே மாட்டேன் என்றது. சோவியத் அணி 13 வரை நெருங்கி வந்துவிட்டது. கடைசியில் சோவியத் வீராங்கனை ஒருவரின் கை வலையைத் தாண்ட, ஆட்டம் 15-13 என முடிந்தது.

டோக்கியோ வட்டாரத்தில் அன்றைய ஒளிபரப்புக்குப் பதிவான பார்வையாளர் விகிதம் 66.8 சதவீதம். ஜப்பானில் ஒரு விளையாட்டு ஒளிபரப்புக்குக் கிடைத்த உச்சம் அது. வீராங்கனைகள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, டைமாட்சு தனியாக, முகத்தில் பெரிய சலனம் இல்லாமல் நிற்கிறார். கோன் இச்சிகாவா இயக்கிய ஒலிம்பிக் ஆவணப்படத்தில் அந்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம்.

குருவா, கொடுமைக்காரரா?

டைமாட்சுவின் முறைக்கு அப்போதே எதிர்ப்பு இருந்தது. ஒலிம்பிக்குக்கு முன்பே அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை ஒன்று, இது பயிற்சி அல்ல, மனித கண்ணியத்தை மீறுவது என்ற தொனியில் கட்டுரை வெளியிட்டது. அந்தப் பயிற்சியைப் படம் பிடித்த நொபுகோ ஷிபுயாவின் குறும்படம் 1964-ல் கான் விழாவில் குறும்பட விருது பெற்றது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு விஷயமும் ஞாபகம் வரலாம். 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளுக்காக இங்கே போராடிய மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். ஒரு மனிதரின் நாளில் எத்தனை மணி நேரம் முதலாளிக்குச் சொந்தம் என்பதற்காக உயிர் போன ஊர் இது. கைசுகா பெண்கள் மில் வேலை முடித்து ஜிம்முக்குப் போன அந்த நேரம் விளையாட்டா, வேலையா? ஜெயித்தால் மில்லின் பெயரும்தானே பேப்பரில் வந்தது?

மறுபக்கமும் இருக்கிறது. பெண்கள் உடம்பு இதையெல்லாம் தாங்காது என்று உலகமே சொன்ன காலத்தில், உலகிலேயே சிறந்த அணியாக இவர்களால் ஆக முடியும் என்று நம்பியவர் டைமாட்சு. அவர்களோடு தானும் நள்ளிரவு வரை நின்றார். வீராங்கனைகளில் பலர் பிற்காலத்திலும் அவரை மரியாதையோடுதான் நினைவுகூர்ந்தார்கள். 2021-ல் பிரெஞ்சு இயக்குநர் ஜூலியன் ஃபரோ எடுத்த ஆவணப்படத்தில், வயதான அந்த வீராங்கனைகள் தங்களைப் பலியானவர்களாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சிக்கல் எங்கே என்றால், அவரைப் பார்த்து மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பாடத்தில்தான். ‘என்னைப் பின்தொடர்ந்து வா’ என்ற பொருளில் பெயர் வைத்த அவருடைய புத்தகம் சக்கைப்போடு போட்டு, 1965-ல் சினிமாவாகவும் வந்தது. உத்தியும் யோசனையும் பின்னால் போய், கத்துவதும் வதைப்பதும்தான் ஜெயிக்கும் வழி என்ற எண்ணம் பல பள்ளி மைதானங்களில் வலுப்பெற்றது. 2013-ல் ஜப்பானின் பெண்கள் ஜூடோ அணியைச் சேர்ந்த 15 பேர், பயிற்சியில் அடிக்கப்பட்டதாகச் சொன்ன புகார் வெளிவந்து, தலைமைப் பயிற்சியாளர் பதவி விலக நேர்ந்தது. அந்த விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

சீனாவுக்குப் போன டைமாட்சு

ஒலிம்பிக் முடிந்ததும் டைமாட்சு விலகினார். 1965-ல் சீனப் பிரதமர் சோ என்லாயின் அழைப்பில் அங்கே போய், பெண்கள் அணிக்கு ஒரு மாதம் போலப் பயிற்சி கொடுத்தார். இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவுகூட இல்லாத நேரம் அது. பிற்பாடு சீனா 1981 உலகக் கோப்பையை ஜப்பான் மண்ணிலேயே வென்றது. 1982 உலக சாம்பியன்ஷிப், 1984 ஒலிம்பிக் என்று அது தொடர்ந்தது.

டைமாட்சு 1968-ல் ஜப்பான் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வானார். 1974 தேர்தலில் தோற்றார். திரும்பவும் வாலிபாலுக்கே வந்தார். 1978 நவம்பரில் ஒகயாமா மாகாணத்துக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த இடத்தில் மாரடைப்பு. வயது 57. சீனாவின் வெற்றிகளைப் பார்க்க அவர் இல்லை.

கேப்டன் கசாய்க்கு ஒலிம்பிக் முடிந்து 1965-ல் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையை அறிமுகம் செய்துவைத்தது பிரதமர் எய்சாகு சாட்டோ! பிறகு அவர் பல வருஷம் குடும்பத் தலைவிகளுக்கு வாலிபால் கற்றுக்கொடுத்தார். 2013-ல், 80 வயதில் இறந்தார்.

இந்தியப் பெண்கள் வாலிபால் அணி இதுவரை ஒலிம்பிக் போனதில்லை. நமக்கும் ஒரு டைமாட்சு வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்த டைமாட்சு என்று திருப்பிக் கேட்கலாம். உயரம் குறைவு என்ற பிரச்சினைக்கு உருண்டு எழும் உத்தியைக் கண்டுபிடித்தவரா, விழுந்து கிடப்பவர் மீது பந்தை அடித்தவரா? முன்னவர் எந்த ஊர் மைதானத்துக்கும் தேவை. பின்னவரை அந்த நாடே இப்போது யோசித்துப் பார்க்கிறது.

இன்னொன்று. 1964 தங்கம் என்றதும் டைமாட்சுவின் பெயர்தான் முதலில் வருகிறது. நள்ளிரவில் அந்தத் தரையில் விழுந்து எழுந்தவர்கள் கசாய், மியாமோட்டோ, தனிடா, ஹண்டா, மட்சுமுரா, இசோபே உள்ளிட்ட பெண்கள். பதக்கம் அவர்கள் கழுத்தில்தான் விழுந்தது.