துரைசாமி நாயுடுவும் மின்னூர்தியும்

புதிய பொறியொன்று நாட்டினுட் புகுங்கால், அதனை ஆரவாரத்தோடு எதிர்கொள்வார் ஒருசாரார். அதனாற் பிழைப்புக் கெடுமே என்று கலங்குவார் மற்றொரு சாரார். இவ்விருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எண்ணெயின்றி மின்னாற்றலால் ஓடும் ஊர்திகள் இன்று நம் வீதிகளிற் பெருகி வருகின்றன. ஓட்டுவாரின்றித் தாமே செல்லும் ஊர்திகளும் பிறநாட்டு நகரங்கள் சிலவற்றில் மக்களை ஏற்றிச் செல்லத் தொடங்கிவிட்டன. இவற்றால் வரும் பயன் யாது, இழப்பு யாது என்று சீர்தூக்கப் புகும் நாம், வெறுங் கணக்கினைக் கொண்டு அமையாது, பொறிகளோடே தம் வாழ்நாளைக் கழித்த தமிழ்நாட்டுப் பெரியார் ஒருவரது வரலாற்றைத் துணைக்கொள்ள விழைகின்றோம். அவர்தாம் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள்.

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னுஞ் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள், உழவுக் குடியொன்றில் அவர் பிறந்தார். தாயை இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு இனிக்கவில்லை. தொடக்க வகுப்புக்களோடு கல்வி நின்றது. கல்லூரி மாணவராகிய நாம் இதனைப் படிக்குங்கால் சிறிது நாணவும் வேண்டும். நாணத்தோடு ஒன்றை எண்ணவும் வேண்டும். ஏடு தராத கல்வியை அவருக்கு ஓர் இரும்பு வண்டி தந்தது. வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி வரக் கண்ட அவ்விளைஞர், அத்தகைய வண்டியொன்றைத் தாமும் பெறல் வேண்டுமென்று உறுதிகொண்டார். கோவைக்குச் சென்று உணவு விடுதியில் ஏவலாளாய் அமர்ந்தார். சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, 300 ரூபாய்க்கு அவ்வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றி மகிழவில்லை. உறுப்பு உறுப்பாக அதனைப் பிரித்தார், ஒவ்வொன்றின் தொழிலையும் ஆய்ந்தார், மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பயின்ற பல்கலைக்கழகம்.

இந்நிகழ்ச்சியைப் பலர் வியப்பிற்குரியதொரு கதையாகச் சொல்லி விடுத்துவிடுவர். நம் ஆராய்ச்சிக்கோ இஃது உரைகல் ஆகின்றது. கல்லாத சிற்றூர் இளைஞன் ஒருவன் பிரித்துப் பார்க்கக் கூடிய பொறியாக அம்மோட்டார் சைக்கிள் இருந்தது. இன்றைய மின்னூர்தியில் அசையும் உறுப்புக்கள் குறைவு. ஆதலின் பழுதும் குறைவு. இது பெரும் பயனே. ஆனால் அதன் உயிர்நிலையாகிய மின்கலத் தொகுதி இறுக மூடப்பெற்றுள்ளது. அதனை ஆளும் மென்பொருள் செய்தவர் கையிலேயே தங்கியுள்ளது. தெருமுனைப் பட்டறைக்காரர் அதனைத் தொட அஞ்சுகின்றார். பொறியை வாங்குவோன் அதனைக் கற்கவும் உரிமையுடையனா என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் வினா.

பின்னர் நாயுடு அவர்கள் பஞ்சு வணிகத்தில் இறங்கினார்; பம்பாயிற் பொருளிழந்து திரும்பினார். தோல்வி அவரை முடக்கவில்லை. ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கில வணிகரின் துணையால் பஸ் ஒன்றைப் பெற்று, 1920-ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டலானார். உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே. மாட்டு வண்டியில் பழனி மலைக்குச் செல்வார் வழியிற் கழித்த நேரமெல்லாம் மிச்சமாயிற்று. ஒரு வண்டி பலவாகி, யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரு நிறுவனமாய் வளர்ந்தது. வண்டிக்காரர் பிழைப்பை அந்தப் பஸ் சுருக்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை. அதே பஸ், ஓட்டுநர், நடத்துநர், பட்டறைத் தொழிலாளர் என வேறு பலருக்குச் சோறிட்டதும் மறுக்கவொண்ணாதது. இழந்தவரும் பெற்றவரும் ஒருவரே ஆதல் அரிது என்பதை மட்டும் ஈண்டுக் குறித்துக்கொண்டு மேற்செல்வோம்.

1930-களில் நீலகிரிப் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்னாற்றல் கோவையை வந்தடைந்தது. ஆலைகள் பல்கின, மின்விசைப் பொறிகள் வேண்டப்பட்டன. அவையோ கடல் கடந்து வரவேண்டியிருந்தன. நாயுடு அவர்கள் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து 1937-ஆம் ஆண்டு பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸ் என்னும் தொழிற்சாலையை நிறுவினார். இந்தியாவிலேயே செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படுவது அங்கே உருவாயிற்று. இன்று மின்னூர்தியின் உருளைகளைச் சுழற்றுவதும் மின்மோட்டாரே அன்றோ? அளவும் அமைப்பும் வேறுபடினும், மின்னைச் சுழற்சியாக்கும் நெறி ஒன்றே. மேனாட்டுப் பொருளை வாங்குவதோடு நில்லாது, அதனைச் செய்யும் கையை நம் நாட்டில் வளர்த்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இற்றை நாளில் மின்னூர்தித் தொழிற்சாலைகள் கிருஷ்ணகிரியிலும் தூத்துக்குடியிலும் எழுந்துள்ளன. ஆயினும் மின்கலத்திற்கு வேண்டும் லித்தியம் முதலிய பொருட்களுக்கு நாம் பிறநாடுகளையே பெரிதும் நோக்கியிருக்கின்றோம். எண்ணெய்க்கு ஒரு நாட்டை நம்பியிருந்தார் மின்கலத்திற்கு வேறொரு நாட்டை நம்புவது விடுதலை ஆகாது. தலைவனை மாற்றிக்கொள்ளுதலே ஆகும்.

அவர் கைத்திறன் ஒரு துறையில் அடங்கவில்லை. சிறு மின்மோட்டாரால் இயங்கும் முகச்சவரக் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் பொறி, வாக்குப் பதிவு செய்யும் பொறி என அவர் ஆக்கியவை பல. 1941-ஆம் ஆண்டு, வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தரக்கூடும் என்று அறிவித்தார். செல்வர் மாளிகையில் மட்டும் பாடிக்கொண்டிருந்த பெட்டியை எளியார் திண்ணைக்குக் கொணர்தலே அவர் நோக்கம். 1952-ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறு கார் ஒன்றை ஆக்கி, அதன் விலையை 2,000 ரூபாய் எனக் குறித்தார். அரசாங்கம் அதனைப் பெருக்கிச் செய்ய உரிமம் வழங்கவில்லை. கார் ஒரு காட்சிப் பொருளாகவே நின்றுவிட்டது.

மின்னூர்திக்கும் இத்தகைய முற்பிறப்பு உண்டு. 1900-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நகரங்களில் மின்வண்டிகள் மிகுதியாக ஓடின. போர்டு என்பார் எண்ணெய்க் காரை மலிவாக்கினார், 1912-இல் கைசுழற்றாது காரைக் கிளப்பும் கருவி வந்தது, மின்வண்டி மறைந்தது. நம் நாட்டிலும் 1993-ஆம் ஆண்டு லவ்பேர்டு என்னும் இருவர் அமரும் மின்கார் டெல்லிக் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. விற்பனை ஓங்கவில்லை. ஆதலின், நல்ல பொறி என்பதனால் மட்டும் ஒன்று நிலைபெற்றுவிடாது. விலையும் வழியும் அரசின் நோக்கும் அதற்கு இசைதல் வேண்டும். இன்று மின்னிருசக்கர வண்டி நடுத்தரக் குடும்பத்தின் கைக்கெட்டுகின்றது. மின்காரோ இன்னும் பெரும்பாலோர்க்கு எட்டாத கனியே. 2025 ஜூன் திங்களில் சென்னையில் 120 மின்பஸ்கள் தொடங்கப்பெற்றன. ஒருவர்க்கு ஒரு கார் என்பதினும் ஊர்க்கெல்லாம் மின்பஸ் என்பதே, பஸ் ஓட்டி வாழ்க்கையைத் தொடங்கிய நாயுடு அவர்களுக்கு உவப்பாயிருக்கும் என்று நாம் கருதுகின்றோம்.

புகையின்மை மின்னூர்தியின் தலைசிறந்த சிறப்பு. வீதியில் அது புகை கக்குவதில்லை. ஆயினும் அதன் மின்சாரம் நிலக்கரியால் ஆக்கப்படுமாயின், புகை வேறிடத்திற்குப் போயிற்றென்பதன்றி முற்றும் ஒழிந்ததாகாது. மின்மோட்டார் வீணாக்கும் ஆற்றல் குறைவாதலின், அங்ஙனமாயினும் ஓரளவு நன்மையே. காற்றாலும் ஞாயிற்றொளியாலும் மின்சாரம் ஆக்குவதில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பது இந்நன்மையை வளர்க்கும்.

1945-ஆம் ஆண்டு நாயுடு அவர்கள் பெரும்பொருள் வழங்கி, ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்வி நிலையமும் பொறியியற் கல்லூரியும் கோவையில் தோன்றச் செய்தார். ஏட்டுக் கல்வியில் ஆண்டுகளை நீட்டுதல் வீண் என்பது அவர் கருத்து. அரசினர் உடன்படாமையின் விலகிக்கொண்டார். அவர் கருத்து முழுதும் ஏற்கத்தக்கதன்று. ஆழ்ந்த கல்விக்குக் காலம் வேண்டும். எனினும், தொழில் மாறுங்கால் தொழிலாளியை விரைவில் புதுத் தொழிலுக்கு ஆயத்தஞ் செய்தல் வேண்டும் என்ற அளவில் அது பொன்போற் போற்றத்தக்கது. எண்ணெய் எஞ்சினைப் பழுது பார்த்து உண்ணும் பட்டறைக்காரர்க்கு மின்னூர்தியைக் கற்பிக்க, நான்காண்டுக் கல்லூரி வேண்டுவதில்லை. நான்கு திங்கட் பயிற்சியும் அக்காலத்தில் அவர் வீட்டு அடுப்பெரியப் பொருளும் வேண்டும்.

இதனை நாம் ஏட்டறிவால் மட்டும் கூறவில்லை. நம் ஊராகிய பொதட்டூர்பேட்டை, திருத்தணிகை மலைக்கு அணித்தாய், ஆந்திர எல்லையை ஒட்டியது. நெசவே அதன் உயிர். கைத்தறி இருந்த வீடுகளில் விசைத்தறி புகுந்தது. மின்மோட்டார் ஒருவரைக் கொண்டே பல தறிகளை ஓட்டச் செய்தது. துணி பெருகியது, விலை தணிந்தது. நெய்தவர் கூலி அந்த அளவிற்குப் பெருகவில்லை என்பதைத் தறி ஓசைக்கிடையே வளர்ந்த எவரும் அறிவர். 2023-ஆம் ஆண்டு முதல் விசைத்தறிக்கு இரு திங்கட்கு 1,000 யூனிட் வரை மின்சாரத்தை அரசு விலையின்றி வழங்குகின்றது. பொறி தரும் இழப்பை யாரேனும் ஒருவர் சுமந்தே தீரல் வேண்டும். அதனைப் பொதுமக்கள் பகிர்ந்து சுமப்பது அறம். எளியவன் ஒருவன் தோளில் ஏற்றுவது அறமன்று.

இனி, ஓட்டுநரில்லா ஊர்தி. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். உறங்காத, மது அருந்தாத, சினங்கொள்ளாத ஓட்டுநராகப் பொறி அமையுமேல், அவ்வுயிர்களிற் பல பிழைக்கும். இதனை எளிதாகத் தள்ளுதல் இரக்கமின்மை. ஆனால் 2018-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு டெம்பி நகரில் சோதனையிலிருந்த இத்தகைய ஊர்தியொன்று சாலை கடந்த பெண்ணொருவரை மோதிக் கொன்றது. பொறியும் தவறும், தவறுங்கால் பொறுப்பேற்பார் யார் என்பது தெளிதல் வேண்டும். ஆடும் மாடும், ஆட்டோவும், ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டமும் ஒருங்கே செல்லும் திருத்தணிச் சாலையில் அது வழியறிவது எளிதன்று. ஓட்டுநர் வேலை பறிபோகும் என்று கூறியே நடுவண் போக்குவரத்து அமைச்சர் 2023-இல் இத்தகைய ஊர்தியை நம் நாட்டில் ஒப்பவில்லை. அம்மறுப்பு என்றும் நிற்குமென எண்ணி ஓட்டுநரை வாளாவிருக்க விடுதல் அவர்க்குச் செய்யும் உதவியாகாது. கிடைத்த காலத்தை ஆயத்தத்திற்குப் பயன்படுத்தலே முறை.

நாயுடு அவர்கள் 1974-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். 2025-ஆம் ஆண்டு கோவை அவினாசிச் சாலையில் எழுந்த நீண்ட மேம்பாலத்திற்கு அவர் பெயர் சூட்டப்பெற்றுள்ளது. அதன்மேல் எண்ணெய் ஊர்தியும் மின்னூர்தியும் கலந்தே ஓடுகின்றன. எளியவன் வாங்கத்தக்கதா, உள்ளூரான் பிரித்துப் பூட்டத்தக்கதா, பழந்தொழிலாளிக்குப் புதுவழி காட்டுவதா என்னும் மூன்று வினாக்களை அவர் வாழ்க்கை நமக்கு விட்டுச் சென்றது. மின்னூர்தி முதல் வினாவிற்கு மெல்ல விடை கூறி வருகின்றது, இரண்டாவதற்குத் தயங்குகின்றது. மூன்றாவதற்கு எப்பொறியும் தானே விடை கூறாது. அது பொறியை ஆக்குவோரும் ஆள்வோரும், நாளை அவ்விரு கூட்டத்துள்ளும் சேரவிருக்கும் கல்லூரி மாணவராகிய நாமும் கூற வேண்டியது.