கழற்றிப் பார்த்துக் கற்றவர்: ஜி.டி. நாயுடு

பழைய காரின் உடலை எடுத்து, புதிய பிக்அப் வண்டியின் சேஸியில் பொருத்தி, சொந்தக் கையால் ஒரு வாகனத்தைக் கட்ட வேண்டும் என்ற ஆசை இளைஞர்கள் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் இப்படிப்பட்ட வாகனங்களை 'ஹாட் ராட்' என்பார்கள். இன்றைய கார்கள் பலவற்றில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே இருக்கும். பெரும்பாலான பிக்அப்களில் இரண்டும் தனித்தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் உடலை அப்படியே தூக்கிவிடலாம். அதனால்தான் பிக்அப்பைத் தேடுகிறார்கள். ஆனால் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அப்படி ஒன்றைக் கட்டினால், அதைச் சாலையில் ஓட்ட சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை.

கைத்திறன் இருந்தும் அனுமதி கிடைக்காமல் நின்றுபோன ஒரு காரின் கதை கோயம்புத்தூரில் இருக்கிறது. அதைக் கட்டியவர் ஜி.டி. நாயுடு.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் நாள், கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் ஓர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. சிறு வயதிலேயே படிப்பு நின்றது. இளைஞராக இருந்தபோது ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. கோவையில் ஓர் உணவகத்தில் வேலை செய்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம், அதைக் கழற்றியதுதான். பாகம் பாகமாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். அதுவே அவருடைய பொறியியல் கல்லூரி.

1920-இல், ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற தொழிலதிபரின் உதவியோடு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அந்த ஒரு வண்டி 'யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' என்ற நிறுவனமாக வளர்ந்தது. 1933-இல் அதனிடம் சுமார் 280 பேருந்துகள் இருந்தன. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். பேட்டரியில் இயங்கும் 'ரசந்த்' சவரக் கருவியும் அவருடைய கண்டுபிடிப்புதான்.

1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க நாயுடு நன்கொடை அளித்தார். மாணவர்கள் இயந்திரத்தைத் தொட்டுப் பழகினால் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

1952-இல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை வெறும் 2,000 ரூபாய். அன்றைய இந்தியாவில் கார் தயாரிக்க அரசின் உரிமம் தேவைப்பட்டது. அந்த உரிமம் அவருக்குக் கிடைக்கவில்லை. சாதாரணக் குடும்பமும் வாங்கியிருக்கக்கூடிய கார், உற்பத்திக்கே வராமல் நின்றது. 1974 ஜனவரி 4-ஆம் நாள் அவர் காலமானார்.

நம் நாட்டில் கேட்கப்படும் அனுமதி வேறு வகை. பிரேக் பிடிக்குமா, சேஸி தாங்குமா, பின்னால் வருபவருக்கு ஆபத்து இல்லையா என்பதைப் பற்றியது அது. கட்டியவருக்கு நம்பிக்கை இருந்தால் மட்டும் போதாது. மற்றவர்களும் நம்பும்படி அதைச் சோதித்துக் காட்ட வேண்டும். அதற்குக் கணக்கும் இயற்பியலும் உதவும்.

எஸ்பிஎம் முடித்துத் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளையைப் படிப்பு வராதவன் என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். பட்டறையில் ஸ்பேனர் பிடிப்பதும் படிப்புதான் என்பதை நாயுடுவின் வாழ்க்கை காட்டுகிறது. ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. வண்டியைக் கழற்றுவது எல்லாருக்கும் சுலபம். நாயுடு அதை மீண்டும் பூட்டி ஓட வைத்தார்.