பழனிக்குப் போகாத பாம்பன் சுவாமிகள்

ஓம் சரவணபவ!

சண்முக கவசம் தினமும் கேட்கிறேன், ஆனா எழுதினவர் யாருன்னே தெரியாதுன்னு ஒரு தம்பி போன வாரம் மெசேஜ் போட்டிருந்தார். வெட்கப்பட ஒண்ணுமில்லை தம்பி. எனக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி வரை அவ்வளவுதான் தெரியும். என் ஆபீஸ் ஓ.எம்.ஆரில். சுவாமிகள் சமாதி திருவான்மியூரில், பைக்கில் போனா பத்து நிமிஷம். இருந்தும் மூணு வருஷமா உள்ளே போனதில்லை.

சுவாமிகள் பிறந்தது ராமேஸ்வரத்தில், 1850 வாக்கில். அப்பா சாத்தப்ப பிள்ளை, அம்மா செங்கமலத்தம்மாள். பிள்ளைக்கு வைத்த பேர் அப்பாவு. பாம்பனில் வளர்ந்ததால் பிற்காலத்தில் பாம்பன் சுவாமிகள் ஆனார். 13 வயசில் ஒரு நாள் தென்னந்தோப்பில் சூரிய உதயம் பார்த்துக்கிட்டு இருந்தப்போ, கந்த சஷ்டி கவசம் மாதிரி நாமும் பாடணும்னு ஒரு ஆசை. ஓலையில் எழுத ஆரம்பிச்சார். சாப்பிடுவதற்கு முன்னாடி தினம் ஒரு பாட்டு, நூறு நாள் நூறு பாட்டு. ஒவ்வொன்றும் அருணகிரிநாதர் பேரோடு முடியும். இதைக் கேள்விப்பட்ட சேதுமாதவ ஐயர் என்ற பெரியவர், ஒரு விஜயதசமி அன்று அவரை அக்னி தீர்த்தத்தில் நீராட வைத்து, ஆறெழுத்து மந்திரத்தை உபதேசம் செய்தார்.

அப்புறம் கல்யாணம், மூணு குழந்தைகள், தொழில்னு சராசரி குடும்பஸ்தர் வாழ்க்கைதான். ஆனா மனசு துறவறத்தில் இருந்தது. பழனிக்குப் போய்த் துறவு வாங்கிக்கணும்னு முடிவு பண்ணினார்.

இங்கேதான் அந்தச் சம்பவம். அங்கமுத்துப் பிள்ளைன்னு ஒரு நண்பர். பழனிக்குப் போகப்போறேன்னு அவர்கிட்ட சொன்னதும், இது முருகன் உத்தரவான்னு நண்பர் கேட்டார். உத்தரவு எதுவும் வரவில்லை. ஆனா இல்லைன்னு சொன்னா தடுத்துடுவாரேன்னு, ஆமாம்னு சொல்லிட்டார். ஒரே ஒரு வார்த்தை. அதுவும் தனக்காக இல்லை, ஆன்ம லாபத்துக்காகத்தான்னு அவர் மனசுக்குள்ள ஒரு சமாதானம் வேற.

அன்னைக்கு மாலையே முருகன் கோபமான முகத்தோடு தோன்றி அந்தப் பொய்யைக் கேட்டார்னு வரலாறு சொல்லுது. நல்ல காரியத்துக்காகத்தானே சொன்னேன்னு சுவாமிகள் சொன்னதை முருகன் ஏத்துக்கலை. நான் கூப்பிடும் வரை பழனிக்கு வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டார். அந்த அழைப்பு கடைசி வரை வரவே இல்லை. சுவாமிகள் அதற்கப்புறம் பழனி மலையில் காலே வைக்கவில்லை.

இதை முதல் தடவை படிச்சப்போ எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. காரணத்தைக் கடைசியில் சொல்றேன்.

முருகன் என்னைத் தள்ளி வச்சுட்டான்னு சுவாமிகள் ஒதுங்கிப் போகலை. பாடிக்கிட்டே இருந்தார். மொத்தம் 6666 பாடல்கள். 1891-ல் பாடியதுதான் நம்ம சண்முக கவசம். அதில் 30 பாட்டு. உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, ஆக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பாட்டு, அகர வரிசையில். (கோடிங் பண்றவங்களுக்கு இதைப் பார்த்தா ஒரு சந்தோஷம் வரும்!) பால், தயிர், நெய், சர்க்கரை, தேன்னு அஞ்சு பொருளுக்கு அஞ்சு பாட்டாகப் பஞ்சாமிர்த வண்ணமும் பாடியிருக்கார். பஞ்சாமிர்தம்னா நமக்கெல்லாம் பழனி. அவருக்கு அது போக முடியாத ஊர்.

1894-ல் ராமநாதபுரம் பக்கம் பிரப்பன்வலசை கடற்கரையில், சுடுகாட்டில் ஒரு குழி வெட்டி, மேலே கொட்டகை போட்டு, உள்ளே உட்கார்ந்து ஜபம் செய்தார். ஏழாம் நாள் அகத்தியரும் அருணகிரிநாதரும் உடன் வர, முருகன் உபதேசம் கொடுத்ததாகச் சொல்வார்கள். 35-ம் நாள், தவம் போதும் எழுந்திருன்னு ஒரு குரல். அவர் எழுந்திருக்கலை. முருகன் சொன்னால்தான் எழுவேன்னார். இது முருகன் கட்டளைதான்னு மறுபடி குரல் வந்த பிறகே வெளியே வந்தார். இல்லாத உத்தரவை இருக்குன்னு சொன்ன அதே மனுஷர், உத்தரவைத் திரும்பக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்டார். அவர் வாழ்க்கையிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

பிறகு சென்னை வந்தார். காசிக்குப் போனபோது காவி உடுத்தினார். அடுத்து நடந்தது நிறைய பேருக்குத் தெரிஞ்ச கதை. 1923 டிசம்பர் 27, தம்புச்செட்டித் தெருவில் குதிரை வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் எலும்பு முறிந்தது. சேர்த்தது சென்ட்ரல் எதிரே இருக்கும் அதே ஜி.ஹெச்.தான். 73 வயசு, உப்பில்லாத சாப்பாடு, எலும்பு கூடாது, காலை எடுக்கணும்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. சீடர் சின்னசாமி ஜோதிடர் சண்முக கவசத்தை விடாமல் பாராயணம் செய்தார். 11-ம் நாள் இரவு, வானில் ரெண்டு மயில்கள் ஆடுவதை சுவாமிகள் பார்த்தார். பக்கத்தில் குழந்தையாக முருகன். கால் பிழைத்தது. ஒவ்வொரு மார்கழியும் வளர்பிறைப் பிரதமையில் திருவான்மியூரில் மயூர வாகன சேவன விழா நடப்பது அதை நினைத்துத்தான். கவனிச்சீங்களா, பழனிக்கு வராதேன்னு சொன்னவர் ஜி.ஹெச். வார்டுக்கே தேடி வந்திருக்கார்.

1929 மே 30 அன்று சுவாமிகள் சமாதி அடைந்தார்.

சரி, என் கதை. போன வருஷம் பசங்களோட கொடைக்கானல் ட்ரிப். ஊர்ல அம்மா விடமாட்டாங்கன்னு, கனவுல முருகன் பழனிக்குக் கூப்பிட்டான்மான்னு அடிச்சு விட்டேன். பழனி போற வழிதானே! மலை ஏறி அவசர அவசரமா ஒரு கும்பிடு, கோபுரத்தோட ஒரு போட்டோ, ஸ்டேட்டஸ். முட்டி வலியால ரொம்ப வருஷமா பழனி போக முடியாத அம்மா, என் பிள்ளையை முருகனே கூப்பிட்டான்னு தெரு முழுக்கச் சொல்லியிருக்காங்க.

சுவாமிகள் கதையைப் படிச்ச அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணி உண்மையைச் சொல்லிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், அங்கே போயாவது ஒழுங்கா கும்பிட்டியாடான்னு கேட்டாங்க. இல்லைம்மான்னேன்.

வர்ற கிருத்திகைக்கு அம்மா சென்னை வர்றாங்க. சாயங்காலம் திருவான்மியூர் சமாதிக்குப் போறோம், படி ஏறும் வேலை இல்லை. பழனி பத்தி அம்மாவும் கேட்கலை, நானும் இன்னும் பேச்சு எடுக்கலை.

வேலும் மயிலும் துணை!